காலைச் சாப்பாடு உட்பட

பம்பலப்பிட்டியில் காலி வீதியில் இருந்து கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. 1930களில் அம்மப்பா கட்டியது. ஒழுங்கையில் இன்றைக்கு ஓட்டுக் கூரையோடு நிற்கிற வீடு இது மட்டும்தான், மற்றதெல்லாம் தொடர்மாடி. கடற்பக்கத்து மாடி எழும்பிய பிறகு பின்னேரம் மூன்று மணிக்கே எங்கள் முற்றத்துக்கு வெயில் போய்விடுகிறது. காணித் தரகர்கள் அடிக்கடி கேற்றைத் தட்டுவார்கள். “எத்தனை பேர்ச்?” என்று காணியின் அளவைக் கேட்பதுதான் முதல் கேள்வி. விலை சொல்லும்போது, வீட்டை உடைத்து அப்புறப்படுத்துகிற செலவைக் கழித்துவிட்டுத்தான் சொல்வார்கள். தொண்ணூறு வருடமாக நிற்கிற வீடு அவர்கள் கணக்கில் கழித்தல் குறி போட்ட ஒரு தொகை.

அந்தக் கழித்தல் குறிக்குள்தான் நான் விடுதி நடத்துகிறேன். நான்கு அறைகள், காலைச் சாப்பாடு உட்பட. மதியமும் இரவும் சமையல் இல்லை; கேட்பவர்களுக்குக் காலி வீதியில் நல்ல கடைகளைக் காட்டிவிடுவேன். வேலை செய்கிறவர்கள் மூன்று பேர்: நான், சித்தி, ஹட்டனில் இருந்து வந்து பின் அறையில் தங்கியிருக்கிற ஒரு தம்பி.

காணி உறுதியில் என்னோடு சேர்த்து மூன்று பேரின் பெயர் இருக்கிறது. கூடப்பிறந்த அக்கா மெல்பேர்னில், தம்பி ரொறன்ரோவில். இரண்டு பேரும் எனக்கு அற்றோணித் தத்துவம் எழுதித் தந்திருக்கிறார்கள். விற்பதா வைத்திருப்பதா என்று நாங்கள் சண்டை பிடிக்காமல் இருப்பதற்கு ஒரே நிபந்தனை, வீடு தன் செலவைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். வரியும் கரண்ட் பில்லும் ஓடு மாற்றுகிற செலவும் அறை வாடகையில் இருந்து வந்தால் சரி. வெளிநாட்டில் இருந்து காசு கேட்கத் தொடங்கினால் தரகரைக் கூப்பிட வேண்டியதுதான். இது எழுதப்படாத ஒப்பந்தம். ஆனால் எழுதப்பட்டதை விட இறுக்கமானது.

பழைய வீட்டில் தங்க வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது விறாந்தை. அப்புறம் கதவுகளுக்கு மேலே இருக்கிற மரச் சித்திர வேலை, சிவப்புச் சீமெந்துத் தரை. நான் பார்ப்பது சுவரை. கபுக் என்கிற செம்பாறைக் கல்லையும் செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர். கடற்காற்றில் உப்பு வருகிறது, நிலத்தில் இருந்து ஈரம் ஏறுகிறது. சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசி, இமல்ஷன் பெயின்ட்டும் அடித்துவிட்டால் ஈரத்துக்குப் போக வழியில்லை. உள்ளே கொண்டுவந்த உப்பு படிகமாகிச் சாந்தைத் தள்ளும், பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். 1990களில் அப்பா நல்ல எண்ணத்தோடு இடுப்பளவு உயரத்துக்குச் சுற்றிவரச் சீமெந்து பூசுவித்தார். அதைக் கொத்தி எடுக்கப் போன காசில் இன்னொரு குளியலறை கட்டியிருக்கலாம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் பாஸ் கிடைப்பது பெரும்பாடு. எங்களுக்கு வருகிறவர் பாணந்துறைக்காரர், வயதானவர். முன்பு தென்மேற்குக் கரையில் பவளப்பாறையைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். கரையைக் கடலரிப்பில் இருந்து காப்பதே அந்தப் பாறை என்பதால் பிறகு அதைத் தடைசெய்துவிட்டார்கள், நியாயமான தடை. இப்போது மாத்தளைப் பக்கத்தில் இருந்து வருகிற சுண்ணாம்பை நீற்றி, கிழமைக்கணக்கில் ஊறவிட்டுப் பூச வேண்டும். பாஸ் அவசரப்படவே மாட்டார். வெள்ளிக்கிழமை அந்த அறைக்கு ஆள் வருகிறது என்று நான் கத்தினால், “நோனா, சுவருக்கு அது தெரியாதே” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பார்.

கூரைக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. பழைய ஓடுகள் கள்ளிக்கோட்டையில் இருந்து கப்பலில் வந்தவை, அடியில் தொழிற்சாலை முத்திரை இருக்கும். உடைந்தால் மாற்றுவதற்கு வைக்கால் என்கிற ஊரில் செய்கிற ஓடு கிடைக்கிறது, ஆனால் அளவு ஒரு நூல் பிசகும். பழையதும் புதியதும் சேருகிற இடத்தில் மழைத்தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். அதனால் உடைக்கப்படுகிற வீடுகளுக்குப் போய்ப் பழைய ஓடு பொறுக்குவது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. பக்கத்து வீடு இடிபட்டபோது நான் அழவில்லை; ஓட்டுக்கு விலை பேசிக்கொண்டு நின்றேன்.

கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலிகள் வேறு. இலை விழுந்து தண்ணீர் தேங்கினால் நுளம்பு. 2017ஆம் ஆண்டு நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, இலங்கையில் அதுவரை காணாத எண்ணிக்கை. அதற்குப் பிறகு பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்தால் நேரே ஏணி கேட்பார். விருந்தினர் இருக்கிற வீட்டில் குடம்பி பிடிபட்டால் வழக்கு மட்டும் இல்லை, பெயரும் போய்விடும். ஹட்டன் தம்பி கிழமைக்கு ஒரு தடவை கூரை ஏறுகிறார்.

எல்லோரும் படம் எடுக்கிறது முன் கதவை. கனத்த முதிரைக் கதவு, பித்தளைக் குமிழ். “எவ்வளவு பழையது?” என்று கேட்பார்கள். வீட்டிலேயே வயது குறைந்த கதவு அதுதான், 1984இல் போட்டது. அதற்கு முன் இருந்த கதவுக்கு 1983 யூலையில் என்ன நடந்தது என்று கொழும்புத் தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுக்காரர் கேட்டால் சொல்கிறேன், சிலர் அதற்குப் பிறகு படம் எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள், சிலர் இன்னும் இரண்டு எடுக்கிறார்கள்.

கொழும்பில் பழைய வீடு, தங்கும் இடம் என்றாலே கட்டடக்கலை படித்தவர்கள் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீட்டைத்தான் நினைப்பார்கள். பக்கத்தில்தான், பகத்தல வீதி 33ஆவது ஒழுங்கையில். அடுத்தடுத்து நான்கு சின்ன வீடுகளை எடுத்து ஒன்றாக்கி, முற்றமும் வெளிச்சமும் எங்கே விழ வேண்டும் என்று அளந்து அளந்து செய்த வீடு. அங்கேயும் இரவு தங்கலாம். நானும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து எங்கள் வீட்டை எதுவும் செய்யத் தோன்றவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். எங்கள் வீட்டை யாரும் யோசித்து வடிவமைக்கவில்லை. பிள்ளைகள் பிறக்கப் பிறக்கப் பின்பக்கமாக நீண்ட வீடு இது. மூன்றாவது அறைக்குப் போகக் குசினியைக் கடந்துதான் போக வேண்டும். அதை மறைக்காமல் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். மீன் பொரிக்கிற வாசம் பிடிக்காதவர்கள் அந்த அறையை எடுக்க மாட்டார்கள், பிடித்தவர்கள் அதையே கேட்டு வருவார்கள்.

கொழும்பு பெருநகரம் என்று பேர். ஆனால் எங்கள் வீட்டில் இருந்து கால்மணி, அரைமணி நடைக்குள் இருக்கிற உலகம் ஒரு கல்லூரி ஊர் மாதிரித்தான் ஓடுகிறது. காலி வீதியில் சென்ற் பீற்றர்ஸ், ஒழுங்கைகளுக்குள் இந்துக் கல்லூரி, திருக்குடும்பக் கன்னியர் மடம், முஸ்லிம் மகளிர் கல்லூரி. டுப்ளிகேஷன் வீதியைக் கடந்து மேலே போனால் தேர்ஸ்டன் வீதி, கொழும்புப் பல்கலைக்கழகம், அதற்கு அந்தப் பக்கம் றோயல் கல்லூரி. காலையில் ஏழு மணிக்கு வெள்ளைச் சீருடையும் பள்ளி வான்களும் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. ஏழே முக்காலுக்கு ஊர் திடீரென்று அமைதியாகிவிடும். என் காலைச் சாப்பாட்டு நேரத்தையே அந்த மணிக்கு ஏற்றபடிதான் வைத்திருக்கிறேன். அதற்கு முன் எழும்பி ஓட்டோ பிடிக்கப் போனால் பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

பல்கலைக்கழகமே ஒரு பழைய வீட்டில் தொடங்கியது என்பதை வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்குப் பிடிக்கும். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தவர்களில் பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்த குமாரசுவாமியும் முக்கியமானவர்கள். கடைசியில் 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தபோது அதற்குக் கிடைத்த இடம் தேர்ஸ்டன் வீதியில் டி சொய்சா குடும்பத்தார் கட்டிய றெஜினா வளவு என்கிற மாளிகை. பெயரை மாற்றி ‘கொலிஜ் ஹவுஸ்’ ஆக்கினார்கள். இன்றும் நிற்கிறது. படுக்கையறைகளில் விரிவுரை நடந்த கட்டடம் நூறு வருடம் தாங்கும் என்றால், படுக்கையறைகளில் ஆட்கள் படுக்கிற எங்கள் வீடு தாங்காதா?

வருகிறவர்களும் பெரும்பாலும் இந்தக் கல்லூரி ஊரின் காரியமாக வருகிறவர்கள்தான். முதலாம் வருடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற மட்டக்களப்புத் தாய் தகப்பன், பட்டமளிப்புக்குச் சேலையும் கோட்டும் மடித்துக்கொண்டு வருகிற குடும்பங்கள், வெளியில் இருந்து வருகிற பரீட்சகர்கள். தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய கோப்பு பார்க்க வருகிற ஆராய்ச்சி மாணவர்கள் மாதக்கணக்கில் இருப்பார்கள். இவர்கள்தான் எனக்கு மிகவும் விருப்பமான ஆட்கள். காலையில் போய்ப் பின்னேரம் தூசியோடு வருவார்கள், சத்தம் இல்லை, குளிரூட்டியும் போட மாட்டார்கள். மார்ச்சில் றோயல்–தோமியன் பள்ளிகளின் கிரிக்கெட் பிக் மேச்சுக்கு வருகிற பழைய மாணவர்கள் இதற்கு நேர்மாறு. அறுபது வயது மனிதர்கள் பப்பரே வாத்தியத்துக்கு ஆடிவிட்டு நடு இரவில் வந்து திறப்பைத் தொலைத்துவிட்டு நிற்பார்கள். ஆனால் வாடகை பேரம் பேச மாட்டார்கள். யூலை, ஓகஸ்டில் ஆடிவேல் திருவிழாவும் வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும். அப்போது கனடாவும் லண்டனும் விறாந்தையில் உட்கார்ந்து புழுக்கத்தைப் பற்றிப் பேசும்.

இனி எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியது.

“உங்கள் அம்மம்மா காலத்தில் இந்த வீட்டுக் குசினியில் அடுப்பு அணைந்ததே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் சோறு. நீ இப்ப காசு வாங்குறாயா, பிள்ளை?” இதை உறவினர்கள் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் சிரிக்காமல். அவர்கள் சொல்கிற அந்தக் காலம் பொய் இல்லை. சாவகச்சேரியில் இருந்து யாழ்தேவி ரயிலில் வந்து இறங்குகிற யாரும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அரசாங்க வேலை நேர்முகம், கண் ஒப்பரேஷன், பாஸ்போட், வழக்கு. பல்கலைக்கழகம் கிடைத்த பொடியன்கள் நாலைந்து வருடம் தங்கிப் படித்தார்கள். கூடத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுத்த படங்கள் இருக்கின்றன. அந்த வரிசையில் இருந்து எத்தனை டொக்டர்கள், எஞ்சினியர்கள் போனார்கள் என்று அம்மப்பா கடைசி வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் படங்களில் அம்மம்மா ஒன்றில்கூட இல்லை. அவர் குசினியில் நின்றிருப்பார். விடிய நாலரைக்கு எழும்பி இருபது பேருக்கு இடியப்பம் பிழிந்தது அவரும், பிறகு சித்தியும். சித்தி எஸ்.எஸ்.சி. பரீட்சையில் சித்தியடைந்தவர், கணக்கில் கெட்டிக்காரி. மேலே படிக்கப் போகவில்லை, ஏனென்றால் வீட்டில் படிக்க வந்த பொடியன்களுக்குச் சமைக்க ஆள் வேண்டியிருந்தது. இதை யாரும் இப்படி வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லத் தேவையும் இருந்திருக்காது.

இன்னும் ஒருவர் இருந்தார். மலையகத்தில் தோட்டத்தில் இருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு பெண் பிள்ளை, பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். கொழும்பில் வசதியான தமிழ் வீடுகள் பலவற்றில் அப்படி ஒரு பிள்ளை இருந்தது. இன்றைக்குப் பேச விரும்ப மாட்டார்கள். தேங்காய் துருவியது, பாத்திரம் விளக்கியது, வந்தவர்களின் உடுப்புத் தோய்த்தது எல்லாம் அந்தப் பிள்ளை. அம்மப்பாவின் கணக்குப் புத்தகங்கள் என்னிடம் இருக்கின்றன. தீப்பெட்டி வாங்கிய சதம் வரை எழுதி வைத்த மனிதர். அந்தப் பிள்ளையின் சம்பளம் என்று ஒரு வரியை நான் அவற்றில் காணவில்லை.

ஆகவே விருந்தோம்பல் இலவசமாக இருந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சாப்பிட்டவர்களுக்குத்தான் இலவசம். மூன்று பெண்கள் அதற்கு விலை கொடுத்தார்கள், அதில் ஒருவர் குழந்தை. நான் ஒரு இரவுக்கு இவ்வளவு என்று எழுதி மாட்டியிருக்கிற தாளில் அந்த வேலைக்கு முதல் தடவையாக ஒரு தொகை வந்திருக்கிறது. ஹட்டன் தம்பிக்குச் சம்பளமும் ஈ.பி.எவ். சேமலாப நிதியும் போகிறது. சித்திக்கு மாதம் முதலாம் திகதி கையில் காசு. எழுபது வயதுக்கு மேல் அவர் முதன்முதலாகத் தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்தார்; மனேஜர் தொழில் என்ன என்று கேட்டபோது, “சமையல். ஐம்பத்தைந்து வருட அனுபவம்” என்றாராம்.

பதிவு செய்கிற விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் கெஸ்ட் ஹவுஸ், ஹோம் ஸ்டே, பங்களா, காலைச் சாப்பாட்டோடு அறை என்று பல பிரிவுகள் உண்டு. உங்கள் வீடு எதில் அடங்கும் என்று முதலில் தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் இரண்டு தரம் அலைய வேண்டும். மாநகர சபை அனுமதி, தீயணைப்புக் கருவி, தண்ணீர்ப் பரிசோதனை, வருமானத்தில் 1 சதவீதம் சுற்றுலா வரி. இணையத்தில் அறை விற்றுத் தருகிற தளங்கள் நூற்றுக்குப் பதினைந்து அளவில் எடுக்கும். நேரடியாகப் போன் பண்ணுகிறவர்களுக்கு நான் குறைத்துக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

ஆனால் பதிவேட்டை அப்படிச் சுருக்கமாகக் கடந்து போக முடியவில்லை. தங்க வருகிறவர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எழுத வேண்டும். உலகத்தில் எல்லா விடுதியிலும் நடக்கிற காரியம். வெள்ளைக்காரர்கள் பாஸ்போட்டைத் தேடிப் பையைக் கொட்டுவார்கள். கொழும்புச் சிங்களக் குடும்பங்கள், “பிறகு தரட்டா?” என்பார்கள். வடக்கில் இருந்து வருகிற ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் வாசல்படியில் கால் வைக்கும்போதே அட்டை கையில் இருக்கும். நான் வணக்கம் சொல்வதற்குள் நீட்டிவிடுவார்கள். சிலர் வந்த காரணத்தையும் சேர்த்துச் சொல்வார்கள், கேட்காமலே: “மகளின்ர விசா விஷயமா வந்தனாங்கள், ரெண்டு நாள்தான்.”

அந்தப் பழக்கம் எங்கே இருந்து வந்தது என்று தெரியும். யுத்த காலத்தில் கொழும்பில் தமிழர் தங்குவது என்றால் பொலிஸ் பதிவு. லொட்ஜில் தங்கினால் ஏன் வந்தாய், எப்போது போவாய். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி விடிய முன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து லொட்ஜ்களில் இருந்து 376 தமிழரைப் பொலிஸார் எழுப்பி, சாமான் கட்டக்கூட நேரம் கொடுக்காமல் பஸ்களில் ஏற்றினார்கள். வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் கொண்டுபோனார்கள். தகுந்த காரணம் இல்லாமல் தலைநகரில் தங்கியிருக்கிறார்களாம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு, மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்கால உத்தரவு கொடுத்தது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். பலர் திரும்பி வந்தார்கள். ஆனால் கொழும்பில் ஒரு கட்டிலுக்குக் காசு கொடுத்திருந்தாலும் அந்தக் கட்டில் உன்னுடையது இல்லை என்பது ஒரு தலைமுறையின் உடம்பில் ஏறிவிட்டது.

இதனால் நான் ஒரு சின்ன ஒழுங்கு வைத்திருக்கிறேன். முதலில் இருக்கை, தண்ணீர், பிளேன்ரீ. அட்டை பிறகு, சாப்பிட்ட பிறகுகூட இருக்கலாம். வந்த காரணத்தைக் கேட்பதே இல்லை. வெள்ளவத்தைக்கு வருகிற யாழ்ப்பாண இரவு பஸ்கள் விடிய நாலு, ஐந்து மணிக்கு ஆட்களை இறக்கிவிடும், அறையோ மதியம்தான் காலியாகும். அந்த இடைப்பட்ட நேரத்துக்கு விறாந்தையில் இரண்டு சாய்மனைக் கதிரை போட்டிருக்கிறேன், குளிக்கப் பின் குளியலறை இருக்கிறது. அதற்குக் காசு இல்லை. தொழில் தெரிந்த ஒருவர் இதை வருமான இழப்பு என்றார். இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் சித்தி என்னை விட மாட்டார். மூன்று நாளைக்கு ஒரு சுற்று: இடியப்பமும் சொதியும் சம்பலும், பிட்டும் முட்டைப் பொரியலும் வாழைப்பழமும், பாணும் பருப்பும் சீனிச்சம்பலும். இடியப்பத்துக்குச் சிவப்பு அரிசி மா, வறுத்தது. தண்ணீர் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும்; ஆறின தண்ணீரில் குழைத்தால் உரலில் இருந்து இறங்காது, கை வலிதான் மிச்சம். சொதியில் தேசிக்காய்ப் புளியை அடுப்பில் இருந்து இறக்கிய பிறகுதான் விட வேண்டும், இல்லாவிட்டால் பால் திரிந்துவிடும். பசளிக்கீரையா உருளைக்கிழங்கா என்பது அன்றைக்குச் சந்தையைப் பொறுத்தது. குளூட்டன் இல்லாத சாப்பாடு கிடைக்குமா என்று வெளிநாட்டுக்காரர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பாணைத் தவிர இந்தக் குசினியில் எல்லாமே அரிசி என்று சொன்னால் சிலருக்குக் கண் கலங்கிவிடும். முதல் நாள் முள்ளுக்கரண்டியோடு போராடுகிறவர்கள் மூன்றாம் நாள் கையால் சொதியை உறிஞ்சுவார்கள். கனடாவில் இருந்து வருகிற எங்கள் பிள்ளைகள்தான் சீரியல் கேட்கிறவர்கள்.

கெட்ட வருடங்களையும் எழுத வேண்டும். 2018இல் நாட்டுக்கு 23 லட்சம் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். அந்த வருடம் எல்லோரும் கெட்டிக்காரராகத் தெரிந்தோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த அதே நாளில், தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியிலும் வெடித்தது. ஹோட்டல்களைப் பற்றித்தான் உலகம் பேசியது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சின்ன விடுதிதான் நித்திரையைக் கெடுத்தது. அன்று பின்னேரத்துக்குள் எங்கள் நான்கு அறைகளும் காலி. அடுத்து வந்த மாதங்களில் முஸ்லிம் பெயரோடு யாராவது அறை கேட்டால், போன் முடிகிற வரை அவர்கள் குரலில் ஒரு பதற்றம் இருக்கும். அட்டையை முதலே நீட்டுகிறவர்களின் பட்டியலில் புதிதாக ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கொரோனா. 2021 முழுவதற்கும் நாட்டுக்கு வந்தவர்கள் 2 லட்சம்கூட இல்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். ஆள் படுக்காத அறை எவ்வளவு கெதியாகப் பழுதாகிறது என்பதை மட்டும் கண்டேன். யன்னல் திறக்காத அறையில் பூஞ்சணம், தண்ணீர் ஓடாத குழாயில் துரு, நடமாட்டம் இல்லாத மூலையில் கறையான். நான்கு அறையிலும் முறை வைத்துப் படுத்தோம். சித்தி முன் அறைதான் தனக்கு என்று எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் பிறந்தவருக்கு அதுவரை கடற்காற்று வருகிற அறை கிடைத்ததில்லை.

2022 வேறு மாதிரி. டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தாண்டியது, காஸ் சிலிண்டருக்கு விடிய முதல் வரிசை, மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அப்போதுதான் தொண்ணூறு வருடத்து வீடு தன் கெட்டித்தனத்தைக் காட்டியது. கூரை உயரம், கதவுக்கு மேலே காற்றுப் போகிற மரச் சல்லடை, முன்னும் பின்னும் நேர் கோட்டில் வாசல். விசிறி இல்லாமலே படுக்கலாம். லிஃப்ட் ஓடாத தொடர்மாடியில் இருந்து வயதானவர்கள் படியிறங்கி வந்து எங்கள் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி பின்வளவில் மூன்று கல் வைத்துச் சிரட்டையும் விறகும் எரித்தார். காலிமுகத்திடல் போராட்டத்தைப் படம் எடுக்க வந்திருந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி அந்த அடுப்பைத்தான் அதிகம் படம் எடுத்தாள்.

இப்போது நிலைமை திரும்பியிருக்கிறது. 2024இல் வந்த பயணிகளின் எண்ணிக்கை மறுபடியும் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தரகர்களும் திரும்பியிருக்கிறார்கள்.

உறவினர்களிடம் காசு வாங்குகிறேனா என்று கேட்பீர்கள். வாங்குகிறேன். அம்மாவின் பக்கமோ அப்பாவின் பக்கமோ, எல்லோருக்கும் ஒரே குறைந்த வாடகை; செத்த வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்களிடம் மட்டும் இல்லை. முதலில் இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு இடத்தில் தங்கின. ஒரு குடும்பம் திரும்பி வந்தது. காசு கொடுக்கிறதால் இப்போது தயக்கம் இல்லாமல் சுடுதண்ணீர் கேட்கலாம் என்று அந்த மச்சாள் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. அந்தக் காலத்தில் பாயில் படுத்தவர்களுக்கும் எத்தனை தயக்கம் இருந்திருக்கும்!

அப்படிப் பாயில் படுத்துப் படித்த ஒருவர், இப்போது வெளிநாட்டில் பெரிய டொக்டர், குடும்பத்தோடு வந்து தங்கினார். பழைய உரிமையில் குசினிக்குள் வந்து, “அக்கா, அந்தக் காலத்துக் கை மாறவே இல்லை” என்று சித்தியைப் புகழ்ந்தார். சித்தி சிரித்துவிட்டு, அவர் போன பிறகு என்னிடம் அவருடைய பில் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார். அடுத்த நாள், தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியதையும் தன் முழங்கால் மருந்தின் விலையையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டுவந்து சம்பளத்தைக் கூட்டச் சொன்னார். தேங்காய் விலை ஏறினால் எனக்குத்தானே செலவு, உங்களுக்கு எப்படிச் சம்பளம் கூட வேண்டும் என்று வாதாடிப் பார்த்தேன். “விலை ஏறின சாமானைப் பழுதாக்காமல் சமைக்கிறது ஆர்?” என்றார். பதில் இல்லை. கூட்டியாயிற்று. அதனால் இந்த மாதத்தில் இருந்து அறை வாடகையும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. முன் அறை எடுக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. அது சித்தி சொன்ன விலை.